தலைக்காயத்துக்குப் பிறகு பணமும் மனசும்: குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட தம்பியோடு நியூரோ ஓபி, பிசியோ, ஆட்சியர் அலுவலகம், கோர்ட் என்று அலைந்தவன் நான். எங்கே போய் உட்கார்ந்தாலும் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கேட்பது எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்ட கேள்வியாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. இங்கே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. தொகைகளும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சரியாயிடுச்சுன்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. வீட்டுக்கு வந்தா ஆளே வேற மாதிரி இருக்காரே, ஏன்?

ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்தது உயிரை, ரத்தக்கட்டியை, மூளை வீக்கத்தை. அதெல்லாம் அடங்கினால் வார்டைப் பொறுத்தவரை அவர் தேறிவிட்டார். ஆனால் பைக்கில் இருந்து விழும்போது பெரும்பாலும் அடி வாங்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, அடுத்து என்ன என்று யோசிப்பது, இதெல்லாம் அதன் வேலை. தம்பியை டீ போடச் சொன்னால் பாலை அடுப்பில் வைப்பான், சர்க்கரை டப்பாவை எடுப்பான், அதைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான், பால் பொங்கி வழியும். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அசதியும் அப்படித்தான். காலையில் தெளிவாகப் பேசியவர் மதியத்துக்கு மேல் வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவார், மிக்ஸி சத்தம் கேட்டாலே எரிந்து விழுவார். நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. இன்றைக்கே ஒரு நோட்டு போட்டு, என்ன செய்ய முடியவில்லை, எப்போது, எவ்வளவு நேரத்தில் களைத்துப் போனார் என்று தேதியோடு எழுத ஆரம்பியுங்கள். ஸ்கேனில் தெரியாத இந்தக் காயத்துக்கு நீங்கள் எழுதுவதுதான் சாட்சி. கீழே பல இடங்களில் இந்த நோட்டு திரும்ப வரும்.

எவ்வளவு நாள்ல பழையபடி ஆவாரு?

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜிசிஎஸ் என்று ஒரு எண் இருக்கும். முதலில் கொண்டு வந்தபோது எவ்வளவு நினைவோடு இருந்தார் என்பதன் அளவு அது. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையானது. இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், தேதி குறிக்க முடியாது. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். இரண்டு வருடம் தாண்டியும் முன்னேறுபவர்கள் உண்டு.

பழையபடியே ஆகிவிடுவார் என்று யார் உறுதி சொன்னாலும், அதை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம் அவர் சம்பளம் வராது என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். கசப்பான கணக்குதான், ஆனால் ஆரம்பத்திலேயே போட்டவர்கள் கடனில் அவ்வளவு மூழ்கவில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

மண்டை ஓட்டுத் துண்டை வயித்துல வச்சிருக்கோம்னு சொல்றாங்க. அதை திரும்ப வைக்கிறதுக்குத் தனியா காசு ஆகுமா?

மூளை வீங்கும்போது இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். தொட்டால் கெட்டியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகு இரண்டாவது ஆபரேஷன் செய்து திரும்பப் பொருத்துவார்கள். ஆமாம், அதற்குத் தனிச் செலவு உண்டு. காப்பீட்டில் இருக்கும் பணத்தை முதல் தடவையே முழுக்கக் கரைத்துவிட்டால் இதற்கு மிஞ்சாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே காப்பீட்டில் மிச்சம் எவ்வளவு, இரண்டாவது ஆபரேஷன் எந்த மாதம் என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். எலும்பு இல்லாத பக்கம் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அதுவரை உங்கள் பொறுப்பு.

ஆஸ்பத்திரி பில்லுக்கு அரசாங்கத்துல என்ன கிடைக்கும்?

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். 1 லட்சமாக இருந்த வரம்பை 2 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். மத்திய அரசும் 2025-ல் ஒரு திட்டம் அறிவித்தது. அதில் 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

அதற்கு மேல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கார்டு இல்லை என்றால் விஏஓ வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளி ஐசியூவில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஐசியூ வாசலில் நின்று ஒரு பயனும் இல்லை.

காப்பீடு ஆஸ்பத்திரியோட முடிஞ்சிருச்சு. மாசாமாசம் ஆகுற செலவுக்கு என்ன பண்றது?

வீட்டை உருக்குவது இதுதான். வலிப்பு மாத்திரை, டயப்பர், பிசியோவுக்குப் போக வர ஆட்டோ, கூடவே இருக்க வேண்டியிருப்பதால் இன்னொருவர் விட்ட வேலை. மாத்திரையை அரசு மருத்துவமனை நியூரோ ஓபியில் பதிந்து மாதம் ஒருமுறை இலவசமாக வாங்கலாம். தனியாரில் ஆபரேஷன் செய்திருந்தாலும் தரலாம், சம்மரியை எடுத்துப் போங்கள். எழுந்து நடக்க முடியாதவர் என்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

ஒவ்வொரு ரசீதையும், ஆட்டோவுக்குக் கொடுத்ததைக்கூட, நோட்டில் எழுதி பில்லை ஒட்டி வையுங்கள். பின்னால் கேஸில் கேட்பார்கள்.

சம்பளம் நின்னு போச்சு. இஎஸ்ஐ, பிஎஃப்ல எடுக்க முடியுமா?

இஎஸ்ஐ பிடித்திருந்தால் சிகிச்சையோடு நோய்க்கால உதவியும் உண்டு, வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வேலை நேரத்தில் அடிபட்டது என்றால் தற்காலிக ஊன உதவி 90 சதவீதம், குணமாகும்வரை. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இதில் சேரும், பலருக்கு இது தெரிவதே இல்லை. கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று உடனே கேளுங்கள்.

பிஎஃப்பில் மருத்துவக் காரணத்துக்கு முன்பணம் எடுக்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று ஆகிவிட்டால் ஊனமுற்றோர் பென்ஷன் தனியாக உண்டு. அதற்கு பத்து வருட சர்வீஸ் தேவையில்லை, ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும். கட்டட வேலை, லோடு வேலை செய்தவர் என்றால் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பீரோவைத் தேடுங்கள்.

பார்க்க நல்லாத்தானே இருக்காரு, ஏன் வேலைக்குப் போகாம உக்காந்திருக்காருன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. என்ன சொல்றது?

தலையில் முடி வளர்ந்து தையல் மறைந்ததும் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது, தேவையும் இல்லை. முக்கியமான இரண்டு பேரை, ஒரு மாமாவோ சித்தியோ, ஒரு முழு நாள் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் அவர் எப்படி ஆகிறார் என்று அவர்களே நேரில் பார்ப்பார்கள். அப்புறம் மற்றவர்களுக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

‘என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க’ என்று சொல்பவரிடம் உடனே ஒரு வேலையைக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை பிசியோவுக்கு அழைத்துப் போவது, ரேஷன் வாங்குவது, இந்த மாதக் கரண்ட் பில். பொதுவாகக் கேட்டால் நழுவுபவர்கள்கூட குறிப்பாகக் கேட்டால் செய்கிறார்கள்.

கேஸ் போடணுமா? எப்போ போடணும்?

இன்னொரு வண்டி மோதியது என்றால் போடுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். உங்கள் ஊர் எல்லையில் இருக்கும் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றிருக்கிறது. நோயாளியைப் பார்ப்பதிலேயே அந்த ஆறு மாதம் ஓடிவிடும், அதனால் டிஸ்சார்ஜ் ஆனதுமே வழக்கறிஞரைப் பாருங்கள். காலம் கடந்துவிட்டது என்றாலும் நீங்களே முடிவுகட்டி விட்டுவிடாமல் அவரிடம் கேளுங்கள். மோதியது எந்த வண்டி என்றே தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் இருக்கிறது, அதற்கு ஆட்சியர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எஃப்ஐஆர், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏஆர் காப்பி), டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், சம்பளச் சான்று எல்லாவற்றிலும் ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக அமர்த்துவார்கள், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பே கிடையாது. அழைப்பு எண் 15100.

யாரும் மோதல, அவரே சறுக்கி விழுந்துட்டாரு. அப்போ ஒண்ணும் கிடைக்காதா?

வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, வண்டி இன்சூரன்ஸ் காகிதத்தில் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பீடு என்ற வரி இருந்தால் 15 லட்சம் வரை வழி உண்டு. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் இது, தற்காலிகப் பாதிப்புக்கு வராது. குடித்திருந்தார் என்று பதிவாகியிருந்தால் மறுத்துவிடுவார்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அடிபட்டிருந்தால், பாலிசி முழு வகையா மூன்றாம் நபர் வகை மட்டுமா என்று பாருங்கள், முழு வகை என்றால் அவர் கேட்கலாம். அப்புறம் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு, ஏடிஎம் கார்டு, வீட்டுக் கடன், குழுக் கடன் எதிலாவது காப்பீடு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

கை கால் நல்லா இருக்கே, ஊனச் சான்றிதழ் எப்படிக் கொடுப்பாங்க?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. அதனால் விளைவை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள்: நடப்பதில் குறை, பேச்சில் குறை, மனநலப் பாதிப்பு என்று. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பல்வகை ஊனம். எலும்பு டாக்டர் மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். நினைவாற்றல், கவனம், அறிவுத்திறன் சோதனை செய்யும் உளவியலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறையில் கேட்டால் கிடைக்கும். முதல் கேள்வியில் சொன்ன நோட்டை அங்கே எடுத்துப் போங்கள். பத்து நிமிடம் தெளிவாகப் பேசிவிட்டு வருபவரின் மற்ற இருபத்துமூன்று மணி நேரம் அதில்தான் இருக்கிறது.

40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வைத்துப் பல சலுகைகள் வாங்கலாம். கடுமையான ஊனத்துக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

சான்றிதழ்ல 40 பர்சன்ட்னு வந்திருக்கு. இன்சூரன்ஸ்காரங்க அதுக்கு மட்டும்தான் தருவோம், இப்பவே முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர் என்ன வேலை செய்தார், இந்தக் குறையோடு அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். வலிப்பு இருக்கும் ஒரு லாரி ஓட்டுநருக்குக் காகிதத்தில் 40 சதவீதம், பிழைப்பில் நூறு சதவீதம். கணக்குப் போடும் முறையும் வயதைப் பொறுத்தது: 26 முதல் 30 வயதுக்காரர் என்றால் ஆண்டு வருமான இழப்பை 17-ஆல் பெருக்குவார்கள், 36 முதல் 40 என்றால் 15-ஆல்.

கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கான செலவையும் கேட்கலாம். 12 வயதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளர்களுக்கான செலவை ஆயுள் கணக்கில் சேர்த்து 62 லட்சத்துக்கும் மேல் கொடுக்கச் சொல்லி 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாவோ மனைவியோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் அது இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மனுவில் இந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன விஷயத்துக்கெல்லாம் அடிக்க வர்றாரு. முன்னாடி அதிர்ந்துகூட பேச மாட்டாரு.

கோபத்தை அடக்கும் இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று மேலே சொன்னேன். அதோடு மாத்திரையும் சேரலாம். லெவெடிராசெட்டாம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். எப்போது கோபம் வருகிறது என்று நோட்டில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். எங்கள் வீட்டில் அது டிவியும் குழந்தைகளும் சேர்ந்து சத்தம் போடும் சாயங்காலம். டிவியை அணைத்து அவனைத் தனி அறையில் படுக்க வைத்ததில் பாதி குறைந்தது.

கோபம் ஏறும்போது நியாயம் பேசாதீர்கள். அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அரை மணி கழித்துப் பேசலாம். குடி அறவே கூடாது, வலிப்பையும் கோபத்தையும் சேர்த்துக் கிளப்பும். ஆனால் காயத்தால்தானே அடிக்கிறார் என்று அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குழந்தைகளுக்கோ உங்களுக்கோ ஆபத்து என்றால் அவர்களோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டு, மனநல மருத்துவரை அன்றே பாருங்கள். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

நான் பாரமா இருக்கேன், செத்துட்டா கேஸ் பணமாவது உங்களுக்கு வரும்னு சொல்றாரு. சும்மா சொல்றாரா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகப் பரவலாக வருவது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கும். மாத்திரைகள், பூச்சி மருந்து எல்லாம் பூட்டில் இருக்கட்டும், அன்றன்றைய மாத்திரையை மட்டும் கையில் கொடுங்கள், தனியாக விடாதீர்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, சுகாதார உதவி எண் 104 இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த ஓபி வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போகலாம்.

வீட்டுக் கடன் பேச்சை அவர் காதுபட வைக்காதீர்கள், அதே நேரம் எல்லாவற்றையும் அவரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள். காய்கறி வாங்கும் கணக்கோ, பால் கணக்கோ, அவரால் முடிகிற ஒரு பொறுப்பு அவர் கையில் இருக்க வேண்டும்.

அவரு உயிரோட இருக்காரு, ஆனா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டவரு இவரு இல்ல. இப்படி நினைக்கிறதே பாவமா?

இல்லை அக்கா. இதை என்னிடம் மெதுவான குரலில் கேட்டவர்கள் பலர், எல்லோரும் மனைவிகள். இழந்திருக்கிறீர்கள், ஆனால் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை, உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படச் சொல்கிறார்கள். சந்தோஷமும் துக்கமும் ஒரே நாளில் வரும், இரண்டும் உண்மைதான். மேலே சொன்ன 14416 பார்த்துக்கொள்பவருக்கும்தான். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அவருடைய ஓபி நாளிலேயே உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். வாரத்தில் ஒரு அரை நாள் நீங்கள் வீட்டில் இல்லாதபடி ஏற்பாடு செய்யுங்கள், கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ, எங்கேயாவது.

வட்டிக்கு வாங்கிட்டோம், தினமும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. கேஸ் பணம் வந்ததும் தர்றோம்னு சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கேஸ் முடிய வருடக்கணக்கில் ஆகும், மேல்முறையீடு போனால் இன்னும் இழுக்கும். வராத பணத்தைக் காட்டி வாங்கிய கடன்தான் குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டு வருகிறது. நகை மிச்சம் இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்து, முதலில் வட்டி அதிகமுள்ள கடனை அடைத்துவிடுங்கள். வங்கிக் கடனுக்குத் தவணை தவறுவதற்கு முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியோடு கடிதம் கொடுத்து தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள், தவறிய பிறகு கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கந்துவட்டிக்கு எதிராக 2003-ம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மிரட்டல் என்றால் ஆட்சியரிடமோ எஸ்பி அலுவலகத்திலோ எழுத்தில் மனு கொடுங்கள்.

ஆறு மாசம் ஆச்சு. வேலைக்கு அனுப்பலாமா? அனுப்பினா கேஸ் கெட்டுடுமா?

டாக்டர் சரி என்றால், முதலில் அரை நாள், எளிய வேலை என்று ஆரம்பியுங்கள். வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, மெஷின் பக்கம் நிற்பது இவற்றுக்கு நியூரோ டாக்டரின் தனி அனுமதி வேண்டும். அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று மேலே சொன்ன 2016 சட்டமே சொல்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியாரில் அந்தப் பாதுகாப்பு இல்லை, முதலாளியிடம் நேரில் போய்ப் பேசுவதுதான் வழி.

வேலைக்குப் போவதால் கேஸ் கெடாது. முன்பு 22,000 வாங்கியவர் இப்போது 9,000 வாங்குகிறார் என்றால் அந்த வித்தியாசமே ஆதாரம். வேலைக்குப் போவதை மறைத்தால்தான் கெடும்.

அவரு பேர்ல இருக்குற பேங்க் பணத்தை எடுக்க முடியல. கேஸ் பணம் வந்தாலும் இதே கதிதானா?

நினைவு இருந்து கையெழுத்து மட்டும் போட முடியாதவர் என்றால் கைரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இது. வர முடியாத நிலையில் இருந்தால் வங்கியில் இருந்து ஆள் வரச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கோமா அல்லது புரிதலே இல்லாத நிலை என்றால் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கக் கேட்க வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் சொத்தை விற்க அனுமதித்தது. பவர் பத்திரத்தில் அவருடைய கைரேகையை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். புரிதல் இல்லாதவரிடம் வாங்கிய பத்திரம் செல்லாது, பிறகு குடும்பத்துக்குள்ளேயே வழக்காகும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, தீர்ப்பாயம் ஒரு பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி வட்டியை மாதாமாதம் எடுக்க விடலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், முன்மூளை அடிபட்டவர் கையில் மொத்தப் பணம் இருந்தால் நண்பன் கேட்டான் என்று தூக்கிக் கொடுத்துவிடுவார், அப்படி நடந்த வீடுகளை அறிவேன். உங்களுக்கு எவ்வளவு கையில் வேண்டும், இரண்டாவது ஆபரேஷனுக்கும் கடனுக்கும் எவ்வளவு, வைப்பு எவ்வளவு, மாத வட்டி எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதைத் தீர்ப்புக்கு முன்பே வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுங்கள். உத்தரவு போட்ட பிறகு மாற்ற வேண்டுமென்றால் மறுபடி மனு போட்டு நிற்க வேண்டியிருக்கும்.